பரலோகத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர் காணி வாங்கி வீடு கட்டலாமா?

அன்புச் சகோதரிக்கு,

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஆசிரியை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் உங்கள் அப்பாவையும் தம்பியையும் கொண்டுபோனது. அன்று முதல் உங்கள் அம்மா மாலை ஜெபம் முடித்து எழும்போதெல்லாம் "ஆண்டவர் என்னை எப்ப எடுப்பாரோ" என்று சொல்லிக்கொண்டே எழுகிறார். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்பு உங்கள் ஜெபக்குழுவில் கடைசிக் காலம் என்ற பேச்சே மேலோங்கி நிற்கிறது; இந்த நேரத்தில் வீடும் வளவும் பரீட்சையும் பதவியுயர்வும் எதற்கு என்று அங்கே கேட்கிறார்கள். நீங்களோ வங்கிக் கடனில் ஒரு துண்டுக் காணி வாங்கி அத்திவாரம் போட்டிருக்கிறீர்கள், உங்கள் வகுப்புப் பிள்ளைகளை மனதார நேசிக்கிறீர்கள், அதையிட்டுக் குற்ற உணர்வும் கொள்கிறீர்கள். பரலோகத்தை ஏங்குவதையும் பூமியில் பயனோடு வாழ்வதையும் எந்த அளவில் சமப்படுத்துவது என்பது உங்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் ஒரு மனதுக்குள் இடத்துக்காகப் போட்டியிடும் இரண்டு ஆசைகள் அல்ல. ஒன்றைக் குறைத்தால்தான் மற்றது வளரும் என்ற எண்ணத்தை வேதாகமம் எங்கும் ஆதரிக்கவில்லை. பரலோக நம்பிக்கையைச் சரியாக விளங்கிக்கொண்டவருக்குப் பூமியின் வேலை இலேசாகாது. முன்பிருந்ததைவிடப் பாரமும் மதிப்பும் உள்ளதாகும்.

உங்கள் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அவருடைய ஏக்கத்தைத் திருத்த வேண்டியது என்று நினைக்காதீர்கள். கணவனையும் மகனையும் ஒரே காலையில் இழந்த ஒரு பெண் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக விரும்புவதும், அதிலும் மேலாகத் தன் ஆண்டவரைக் காண விரும்புவதும் பலவீனமல்ல. நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை, வரப்போகிறதையே நாடித்தேடுகிறோம் என்று எபிரெயருக்கு எழுதியவர் சொன்னதை, நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் பாண்டிருப்பிலும் வீடு நின்ற இடத்தில் வெறும் மணலைப் பார்த்தவர்கள் விளக்கவுரை இல்லாமலே புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு நாளில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டம். அப்படிப்பட்ட கரையில் வாழும் மக்களிடம் பரலோகத்தைப் பற்றிக் குறைத்துப் பேசும்படி எந்தப் போதகரும் சொல்லக் கூடாது.

பவுல் இதே ஏக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். பிலிப்பியருக்கு அவர் எழுதியது சிறையிலிருந்து. தீர்ப்பு எப்படி வரும் என்பது அவருக்குத் தெரியாது. "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்று எழுதிய அடுத்த வரிகளிலேயே, தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்கத் தனக்கு ஆசையுண்டு என்றும், இரண்டினாலும் தான் நெருக்கப்படுவதாகவும் சொல்கிறார். அதன்பின் வரும் வசனந்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான மறுமொழி: "அப்படியிருந்தும், நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்." இங்கே பவுல் தன் ஆசையைக் கண்டிக்கவுமில்லை, அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவுமில்லை. ஆசை முழுமையாக இருக்கிறது; தங்கியிருக்கும் தீர்மானமும் முழுமையாக இருக்கிறது. தங்குவதற்கு அவர் கூறும் காரணம் இந்த உலகம் இனிமையானது என்பதல்ல, பிலிப்பியில் இருக்கும் மனிதருக்குத் தன் தேவை இருக்கிறது என்பதுதான். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் அம்மாவையும் அந்த "உங்களுக்கு" என்ற சொல்லின் இடத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் சபைகளில் இது அடிக்கடி கலந்துபோகிறது. கிறிஸ்துவோடு இருக்க ஆசைப்படுவது ஒன்று. வாழ்க்கையைத் தாங்க முடியாமல் அது முடிந்தால் போதும் என்று நினைப்பது வேறொன்று. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டது இரண்டாவது வகை. அந்த ஜெபத்தைக் கேட்ட தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவரைத் தூங்கவிட்டார், தூதனைக்கொண்டு அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் செய்தார், பின்பு ஓரேப் மலையிலே அவருக்குச் செய்யவேண்டிய வேலைகளையும் கூட நடக்க எலிசா என்ற ஒரு மனிதனையும் காட்டினார். உங்கள் அம்மா சாப்பாட்டை ஒதுக்குகிறாரா, இரவில் தூங்குகிறாரா, பேரப்பிள்ளைகளைக் கண்டால் முகம் மலர்கிறதா, ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். முன்பு மகிழ்ச்சி தந்த ஒன்றும் இப்போது தரவில்லையென்றால், பக்தி என்று எண்ணி விட்டுவிடாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். வைத்தியரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியாவுக்கு முதலில் கிடைத்தது பிரசங்கம் அல்ல, சாப்பாடும் நித்திரையும் என்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனி, பரலோகம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது என்பது என் எண்ணம். சாவுக்குப் பின் ஆத்துமா மேலே போய்விடும், பூமி எரிந்து சாம்பலாகும், அதோடு கதை முடிந்தது என்றுதான் நம்மில் அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேதாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்கள் அப்படி முடியவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21இல் மனிதர் மேலே ஏறிப்போவதை யோவான் காணவில்லை. புதிய எருசலேம் பரலோகத்தை விட்டு இறங்கிவருவதைக் காண்கிறார், தேவன் மனிதரிடத்திலே வாசமாயிருப்பார் என்ற சத்தத்தைக் கேட்கிறார். பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையையும் கனத்தையும் அந்த நகரத்துக்குள்ளே கொண்டுவருவார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ரோமர் 8இல் பவுல் சொல்வதும் இதுதான்: சிருஷ்டி முழுவதும் பிரசவவேதனைப்படுகிறது, அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாகும் நாளுக்காகக் காத்திருக்கிறது. நாம் காத்திருப்பது பூமியிலிருந்து தப்பிப்பதற்காக அல்ல, நம்முடைய சரீர மீட்புக்காகவும் பூமியின் விடுதலைக்காகவும். இறந்தவர்கள் இப்போது கிறிஸ்துவோடு இளைப்பாறுகிறார்கள் என்பது உண்மை. அது பெரிய ஆறுதல். ஆனால் அதுவே முடிவல்ல, உயிர்த்தெழுதலே முடிவு.

உங்கள் ஜெபக்குழுவில் உடனே 2 பேதுரு 3ஐ எடுப்பார்கள். பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம் என்று அங்கே எழுதியிருக்கிறதே என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்பே, நோவாவின் நாளில் இருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே அழிந்தது என்று பேதுரு சொல்கிறார். அந்த அழிவுக்குப் பின்னும் பூமி இருந்தது; அக்கிரமம் கழுவப்பட்டது. அக்கினியைப் பற்றி அவர் பேசும்போதும் இந்த ஒப்பீட்டை மனதில் வைத்தே பேசுகிறார், அதன் முடிவில் "நீதி வாசமாயிருக்கும் புதிய வானங்களும் புதிய பூமியும்" வரும் என்று நம்பிக்கை கொடுக்கிறார். எல்லாச் சபைகளும் இந்தப் பகுதியை ஒரே விதமாக வாசிப்பதில்லை என்பதை நான் மறைக்கவில்லை. எப்படி வாசித்தாலும், பேதுரு எடுக்கும் முடிவு கடனைக் கட்டாமல் விடுங்கள் என்றோ பாடசாலைக்குப் போகாதீர்கள் என்றோ இல்லை. எவ்வளவு பரிசுத்த நடக்கை உள்ளவர்களாயிருக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

1 கொரிந்தியர் 15ஐ நாம் அடக்க ஆராதனைகளில் மட்டும் வாசிக்கிறோம். அதை ஒரு திங்கட்கிழமை காலையில் பாடசாலைக்குப் புறப்படுமுன் வாசித்துப் பாருங்கள். உயிர்த்தெழும் சரீரத்தை விளக்கப் பவுல் எடுத்துக்கொள்வது விதையை. பெரும்போகத்துக்கு விதைத்த நெல் சேற்றுக்குள் மறைந்து தன் உருவத்தை இழக்கிறது. வெளியே வரும் பயிர் விதையைப்போல இருப்பதில்லை. என்றாலும் அது அந்த நெல்லின் பயிரேயன்றி வேறொன்றின் பயிரல்ல. இன்றைய நம்முடைய சரீரத்துக்கும் வரப்போகும் சரீரத்துக்கும் அப்படிப்பட்ட தொடர்ச்சி இருக்கிறது என்கிறார் அவர். ஐம்பத்தெட்டு வசனங்கள் கொண்ட அந்த நீண்ட அதிகாரத்தை அவர் முடிக்கும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது. மரணமே உன் கூர் எங்கே என்று வெற்றிப் பாட்டுப் பாடியவர், ஆகையால் வானத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்று எழுதவில்லை. உறுதிப்பட்டு, அசையாமல், கர்த்தருடைய கிரியையில் பெருகுங்கள், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று எழுதினார். உயிர்த்தெழுதல் இல்லையென்றால் நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளையும், அந்த வாசிப்பும், உங்கள் உழைப்பும் ஒரு நாளில் மறைந்துபோகும். உயிர்த்தெழுதல் உண்டென்றால் அவற்றில் எதுவும் தேவனுடைய கையிலிருந்து தவறி விழாது. அது எந்த வடிவில் நமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று வேதம் சொல்லவில்லை. வீணாகாது என்று மட்டும் சொல்கிறது.

கடைசிக் காலம் பற்றிய பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. நம் பகுதியில் அந்தப் பேச்சு எழுவதற்குக் காரணங்கள் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி, 1990ஆம் ஆண்டின் போர்க் கொடுமைகள், 2004இன் கடல், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்ட காலை ஆகியவற்றைக் கண்ட ஊர் முடிவை எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் முடிவு கிட்டிவிட்டது என்று சொல்லி வேலையை விட்டவர்களைத் தெசலோனிக்கேயாவிலேயே பவுல் சந்தித்தார். ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவும் கூடாது என்று கடுமையாகவே எழுதினார். 1844 அக்டோபர் 22ஆம் திகதி கிறிஸ்து வருவார் என்று வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் காத்திருந்தார்கள். விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2011 மே 21ஐ அமெரிக்க வானொலிப் போதகர் ஹரோல்ட் கேம்பிங் குறித்தார். அந்த நாட்கள் கடந்துபோயின, நம்பியவர்களின் குடும்பங்கள் சிதைந்தன. ஆண்டவர் பரமேறிய அந்த மணியிலேயே "நீங்கள் ஏன் வானத்தை அண்ணாந்துபார்த்து நிற்கிறீர்கள்?" என்று கேட்கப்பட்ட சீஷர்கள் திரும்பி நகரத்துக்குள் போனார்கள். எஜமான் வரும்போது தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஊழியக்காரனையே இயேசு பாக்கியவான் என்றார். நாளைக் கணித்தவனை அவர் அப்படிச் சொல்லவில்லை.

காணியைப் பற்றிய உங்கள் குற்ற உணர்வுக்கு எரேமியா 32ஐவிடப் பொருத்தமான அதிகாரத்தை நான் அறியேன். பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று எரேமியாவே அறிவித்துவிட்டார். அதற்காகக் காவல் முற்றத்தில் அடைக்கப்பட்டுமிருக்கிறார். அந்த நிலையில் ஆனதோத்தில் உள்ள தன் உறவினருடைய நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கும்படி கர்த்தர் சொல்கிறார். எதிரி ஆக்கிரமித்திருக்கும் நிலம், வாங்குபவரோ கைதி. எரேமியா சாட்சிகளை வைத்து, கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, உறுதியை நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் செய்கிறார். இந்தத் தேசத்தில் இன்னும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே அந்தக் கொள்வனவின் செய்தி. இடம்பெயர்ந்து ஓடும்போது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய எங்கள் மக்களுக்கு அந்த மண்பாண்டம் அந்நியமான பொருளல்ல. தேவனுடைய எதிர்காலத்தில் நம்பிக்கை வைத்தவர் என்பதனாலேயே எரேமியா நிலம் வாங்கினார். நீங்களும் அதே நம்பிக்கையில் வாங்கியிருக்க முடியும்.

சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியாவே 29ஆம் அதிகாரத்தில் அனுப்பிய கடிதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் சிறையிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணவும் சொல்கிறது: "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." அந்தப் பட்டணம் அவர்களுடைய மார்க்கத்தைச் சேர்ந்ததல்ல, அவர்களுக்குத் தீமை செய்த பட்டணமும் கூட. தங்கள் சொந்த வீடு வேறிடத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்களிடம்தான் இது கேட்கப்பட்டது. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஆலய மணியும் ஒரே காற்றில் கேட்கும் நம் மாவட்டத்தில் இதற்குக் குறிப்பான பொருள் உண்டு. 2019க்குப் பின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வளர்ந்த சந்தேகத்தைக் குறைக்க ஒரு கிறிஸ்தவ ஆசிரியை தன் பாடசாலையிலும் சந்தையிலும் எடுக்கும் சிறிய முயற்சியும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுவதே. பரலோகத்தில் எல்லா ஜாதிகளும் கோத்திரங்களும் பாஷைக்காரரும் நிற்பார்கள் என்று நம்புகிறவர் இங்கே அடுத்த தெருவோடு பேசாமல் இருக்கக் கூடாது.

பரலோகத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பூமிக்கு உதவமாட்டார்கள் என்ற குற்றச்சாட்டை மட்டக்களப்பின் வரலாறு ஏற்றுக்கொள்ளாது. 1814இல் இங்கே வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தன் மனைவியை வரும் வழியில் கப்பலிலேயே இழந்தவர். அவரோடு வந்த மிஷனரிகளை வழிநடத்திய தோமஸ் கோக்கும் அதே பயணத்தில் 1814 மே மாதம் கடலிலே மரித்தார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த இளைஞர் பரலோகத்தை எவ்வளவு ஏங்கியிருப்பார் என்பதை உங்கள் அம்மா நம் எல்லோரையும்விட நன்றாக அறிவார். அவர் செய்தது பாடசாலைகளைத் தொடங்கியது. 1815 ஏப்ரல் முதலாம் திகதி, வந்து ஒரு வருடம் நிறையுமுன், அவரும் மரித்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல்தான் வைக்கிறது. பின்னாளில் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்த இயேசு சபைக் குருமார், முதலில் பிரான்சிலிருந்தும் பின்பு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலிருந்தும் வந்தவர்கள், நித்திய வாழ்வுக்காகவே துறவு பூண்டவர்கள். அவர்களே இங்கே பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கூடைப்பந்தும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான அருட்தந்தை யூஜின் ஹெபர்ட் இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ்ச் சிறுவனோடு காணாமற்போனார். ஊருக்குத் திரும்பிப் போவதற்கான நியாயம் அவருக்கு நிறைய இருந்தது, தங்கினார்.

இது இங்கே மட்டும் நடந்ததல்ல. மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு, தம் சபையார் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து அதனாலேயே இறந்ததைக் கடிதத்தில் பதிவுசெய்தார். சாவுக்கு அப்பால் வாழ்வு உண்டு என்ற உறுதி அவர்களை நோயாளியின் பாயருகே நிறுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சாசனத்தில், புதிய பூமிக்காகக் காத்திருப்பது இந்தப் பூமியைப் பண்படுத்தும் அக்கறையைக் குறைக்காமல் தூண்டவே வேண்டும் என்று எழுதியது. நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஆயினும் பரலோகத்தைத் தவறாகப் பயன்படுத்துவதும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இராது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி வீதியோரத்தில் படத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம், எல்லாம் பரலோகத்தில் சரியாகும், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வது ஆறுதல் அல்ல. கூலி கேட்கும் வயல் தொழிலாளியிடம் உன் பலன் மேலே இருக்கிறது என்று சொல்வதும் அப்படியே. யாக்கோபு தன் நிருபத்தில், வயல் அறுத்தவர்களின் கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் ஏறிவிட்டது என்று எழுதினாரே தவிர, பொறுத்துக்கொண்டு மறந்துவிடச் சொல்லவில்லை. நியாயத்தீர்ப்பு உண்டு என்ற விசுவாசம் இங்கே நியாயம் கேட்பவருடைய வாயை அடைப்பதற்காகத் தரப்படவில்லை. மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றி, காணாமற்போனோரின் குடும்பங்களுக்குத் துணைநின்ற அருட்தந்தை பென்ஜமின் மில்லர், இங்கேயே மறைந்தவர், அந்த விசுவாசத்தை எப்படி வாழ்வது என்று காட்டினார்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. பரலோகம் எல்லாம் பழைய பேச்சு, சேவைதான் மார்க்கம் என்று சொல்லித் தொடங்குகிறவர்கள் நல்ல மனதோடுதான் தொடங்குகிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் கட்டியது எத்தனை முறை இடிந்தது, நட்டது எத்தனை முறை வெள்ளத்தில் போனது என்பது உங்களுக்குத் தெரியும். பலனைக் கண்டால்தான் உழைப்பேன் என்பவர் மூன்றாம் முறை இடியும்போது சோர்ந்துவிடுவார், அல்லது பலன் தராத மனிதர் மேல் கசப்புக் கொள்வார். தான் தொடங்கியதைத் தானே முடிக்க வேண்டியதில்லை, முடிக்கிறவர் வேறொருவர் என்று அறிந்தவரால் மீண்டும் அத்திவாரம் வெட்ட முடிகிறது. இரண்டு தவறுகளில் எது பெரியது என்று கேட்டால், நம் சபைகளில் இன்று முதலாவதே அதிகம் என்று சொல்வேன்.

"உலகத்தில் அன்பு கூராதிருங்கள்" என்ற 1 யோவான் 2இன் வசனம் உங்களைக் குத்துவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வசனத்தோடு நின்றுவிடாமல் அடுத்ததையும் வாசியுங்கள். மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை என்று யோவான் தாமே விளக்குகிறார். பூமியையும் பிள்ளைகளையும் மா மரத்தையும் வாவிக் காற்றையும் நேசிப்பது அந்த மூன்றில் ஒன்றுமல்ல. தேவன் அவற்றைத் தாமே உண்டாக்கி நல்லதென்று கண்டார், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனை வைத்தார். உங்கள் வீட்டைக் குறித்துக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அயலவர் கட்டியதைவிட ஒரு மாடி உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? கடன் தவணை கட்டுவதற்காக உங்கள் நேர்மையோ ஓய்வுநாளோ அம்மாவின் மருந்தோ பலியாகிறதா? போக இடமில்லாத ஒரு உறவினருக்கு அந்த வீட்டில் ஒரு அறை கிடைக்குமா? நாளை அதை இழக்க நேர்ந்தால் அழுவீர்கள், அழவும் வேண்டும். ஆனால் அழுத பின்பு உங்கள் தேவன் உங்களோடு இருப்பாரா? இவற்றுக்கு மனச்சாட்சியோடு பதில் சொல்ல முடிந்தால், கொத்தனாரை அழைத்துச் சுவர் எழுப்பத் தொடங்குங்கள்.

கடைசியாக, ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பரலோகத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். 2019க்குப் பின் நம் ஊரில் இந்தக் கேள்வி எல்லாவற்றிலும் பொறுப்பு மிகுந்தது. பரலோகத்தைப் பரிசாகக் காட்டி ஆசையூட்டவோ நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவோ வேண்டாம். சாவை அழகானதாகப் பேச வேண்டாம். சாவு வேதத்தில் கடைசிச் சத்துரு, லாசருவின் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். இறந்துபோன ஒருவரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால், அவர் ஆண்டவரோடு இருக்கிறார், ஆண்டவர் அவரை மறுபடியும் எழுப்புவார், நாம் அவரைக் காண்போம் என்று நேராகச் சொல்லுங்கள், அதற்கு மேல் கற்பனை செய்து சேர்க்காதீர்கள். சிறிய வகுப்புக்கு ஏசாயா 65ஐயும் வெளிப்படுத்தல் 21, 22ஐயும் வாசித்துக் காட்டி, அங்கே வரும் வீடு, தோட்டம், ஆறு, மரம், திறந்த வாசல்கள் ஆகியவற்றை வரையச் சொல்லுங்கள். பரலோகம் என்றால் மேகத்தில் உட்கார்ந்திருப்பது என்ற எண்ணம் அப்போதே விலகும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்புக்கு எரேமியா 32ஐக் கொடுத்து, நகரம் விழப்போகும்போது அவர் ஏன் காணி வாங்கினார் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகே நீங்கள் விளக்கம் கொடுங்கள்.